பேச்சை நிறுத்திய தெரு

எங்கள் கம்பெனி அமெரிக்கப் பள்ளிக்கூடங்களுக்குப் பாடம் எழுதிக் கொடுக்கும் கம்பெனி. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு தளம் முழுக்க நாங்கள் இருந்தோம். கொரோனாவுக்குப் பிறகு அந்தத் தளத்தைக் காலி செய்துவிட்டு, எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று சொல்லிவிட்டார்கள். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஓசூர் ரோட்டு நெரிசலில் நிற்க வேண்டாம், கம்பெனி பஸ்ஸுக்கு ஓட வேண்டாம். கொஞ்ச நாள் போனபிறகுதான் அந்த பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி தன் மாமியாரைப் பற்றிச் சொன்ன கதைகளெல்லாம் எனக்கு எவ்வளவு தேவையாக இருந்திருக்கின்றன என்று தெரிந்தது.

பொம்மனஹள்ளியில் ஒரு நான்கு மாடிக் கட்டடத்தில் நான் தனியாக இருக்கிறேன். கல்யாணம் அமையவில்லை. அம்மா இருந்தவரை வரன் தேடினார். அவர் போனபிறகு தேட ஆளில்லை, எனக்கும் அந்த நினைப்பு விட்டுப்போயிற்று. காலையில் மடிக்கணினியைத் திறந்தால் மீட்டிங்கில் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள், எல்லோரும் கேமராவை அணைத்துவிட்டு. நானும் அணைத்துத்தான் வைத்திருப்பேன். என் முறை வரும்போது இரண்டு வரி பேசுவேன். மீட்டிங் இல்லாத நாளில் அதுவும் கிடையாது. சாயங்காலம் கீழே இறங்கிக் கடையில் பால் பாக்கெட் கேட்க வாயைத் திறக்கும்போது குரல் கரகரக்கும். அன்றைக்கு வாயிலிருந்து வரும் முதல் பேச்சு அதுதான் என்பது அப்போதுதான் உறைக்கும்.

அந்தச் சமயத்தில் எனக்குக் கொடுத்த வேலை, ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்து நின்ற அமெரிக்கக் காலனி மக்களைப் பற்றிய பாடம். தலைவர்களைப் பற்றி எழுத வேண்டாம், அவர்களைப் பற்றி ஏராளமாக இருக்கிறது, சாதாரண ஆட்களின் வாழ்க்கை வழியாகச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். நான் சரித்திரத்தில் எம்.ஏ. ஆனாலும் இந்த ஆட்களை எனக்குத் தெரியாது. படிக்கப் படிக்க ஒவ்வொருவராக வந்தார்கள். இரவோடு இரவாகக் கப்பலில் ஏறி, ஆங்கிலேயர் வரி போட்ட தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டியவர்களில் ஒரு ஏழைச் செருப்புத் தைக்கிறவன் இருந்தான். கயிறு திரிக்கும் ஆட்கள் இருந்தார்கள். ஊரில் வந்து இறங்கிய சிப்பாய்கள் குறைந்த கூலிக்கு அவர்கள் வேலையைப் பறித்ததில் கைகலப்பு வந்தது. வெளிநாட்டுத் துணி வேண்டாம் என்று பெண்கள் ராட்டையைத் தூக்கிக்கொண்டு ஓரிடத்தில் கூடி நாள் முழுக்க நூற்றார்கள். விடுதலை, விடுதலை என்று எஜமானர்கள் பேசுவதைக் கேட்ட அடிமைகள், அப்படியானால் எங்கள் விடுதலை எங்கே என்று மனுக் கொடுத்தார்கள். பகல் முழுக்க இவர்களோடுதான் இருந்தேன். என் மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்களின் தொழில் என்ன என்று எனக்குத் தெரியாது. பாஸ்டன் துறைமுகத்தில் யார் என்ன வேலை செய்தார்கள் என்பது தெரியும்.

அப்போதுதான் என் கல்லூரித் தோழி நியூஜெர்சியிலிருந்து கூப்பிட்டாள். படிப்பு முடித்த கையோடு, அங்கே குடியுரிமை வாங்கியிருந்த ஒருவரைக் கட்டிக்கொண்டு போனவள். வருஷத்துக்கு ஒருமுறை பேசினால் அதிகம். அப்பா இறந்தபிறகு அம்மாவையும் தன்னோடு அழைத்துப் போய்விட்டாள். அது ஆயிற்று பதினைந்து வருஷத்துக்கு மேல்.

“அம்மா இப்ப பெங்களூர்லதான் இருக்காங்க. மர்பி டவுன்ல சித்தி வீட்ல. முட்டி ஆபரேஷனுக்கு வந்தாங்க, ஆபரேஷன் ஆச்சு, நடக்க ஆரம்பிச்சிட்டாங்க. திரும்பி வந்ததும் சிட்டிசன்ஷிப் பரீட்சை இருக்கு. அவங்க வயசுக்குத் தமிழ்லயே பதில் சொல்லலாம், மொழிபெயர்க்க ஆள் இருப்பாங்க. ஆனா ஹிஸ்டரி கேள்வி கேப்பாங்க. நான் சொல்லிக் குடுத்தா சண்டைலதான் முடியுது. நீ கொஞ்சம் சொல்லிக் குடுக்கிறியா?”

ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு வேலை எதுவும் எனக்கு இருந்ததில்லை.

புதிதாக வந்திருந்த மெட்ரோவில் ஏறி, இரண்டு இடத்தில் வண்டி மாறி, அல்சூரில் இறங்கி நடந்தேன். மர்பி டவுனில் வீடுகள் ஒன்றோடொன்று தோள் இடித்துக்கொண்டு நிற்கும். வாசலில் ஒரு ஸ்கூட்டர், படியில் ஒரு செருப்புக் குவியல், உள்ளே சுவர் அலமாரியில் ஒரு சின்ன புத்தர் சிலை. தோழி அம்மாவின் தங்கை குடும்பம் ஞாயிறு காலையில் புத்த விகாரத்துக்குப் போய்விடும். அம்மா மட்டும் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கல்யாணமாகி அவர் வந்து வாழ்ந்த வீடு அது. அமெரிக்கா போனபோது தங்கையிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார்.

“டீச்சர்னு பொண்ணு சொல்லிச்சி. கண்ணாடி போட்டுகினு கொம்பு எடுத்துகினு வருவாங்கன்னு பார்த்தேன்” என்றார்.

“கண்ணாடி இருக்குதும்மா. பையில.”

சிரித்தார். அதற்குப் பிறகு எங்களுக்குள் சிரமமே இருக்கவில்லை.

காலனி மக்கள் ஏன் ஆங்கிலேயரை எதிர்த்துச் சண்டை போட்டார்கள் என்பது பரீட்சைக் கேள்விகளில் ஒன்று. வரி போட்டார்கள், மக்கள் வீடுகளில் சிப்பாய்களைத் தங்க வைத்தார்கள், தங்களைத் தாங்களே ஆள உரிமை தரவில்லை. இதில் ஒரு காரணம் சொன்னால் போதும். அம்மா இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

“யாரு கண்ணு இவங்க?”

“யாரும்மா?”

“ஜனங்க ஜனங்கன்னு சொல்ற இல்ல. அவுங்கதான். இன்னா வேலை செஞ்சாங்க? எப்டி சாப்ட்டாங்க? சண்டை போடச்சொல்ல வீட்ல புள்ளைங்கள யாரு பார்த்துகினது?”

என்னிடம் இதையெல்லாம் யாரும் கேட்டதில்லை. கேட்பார் இல்லாமல் மாதக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தேன். செருப்புத் தைக்கிறவனைச் சொன்னேன். கயிற்று ஆட்களைச் சொன்னேன். டீ குடிப்பதை விட்டவர்கள் ஏதேதோ இலையைக் காய்ச்சிக் குடித்ததைச் சொன்னேன்.

“நல்லா இருந்துச்சாமா அது?”

“நல்லாவே இல்லன்னு நிறைய பேர் எழுதி வச்சிருக்காங்க.”

“அப்பறம் இன்னா. நல்லா இல்லாததைக் குடிச்சாத்தான் அது போராட்டம்” என்றார் அம்மா.

பரீட்சைக்கு ஒரு வரி போதுமாக இருந்தது. நாங்கள் நாலைந்து ஞாயிறு பேசினோம். அமெரிக்காவில் அவருக்கும் பேச ஆளில்லை என்பது மெல்லத் தெரிந்தது. மகளும் மாப்பிள்ளையும் காலையில் கிளம்பிவிடுவார்கள். பேரப்பிள்ளைகள் இங்கிலீஷில் அன்பாகப் பேசுவார்கள், அது பாதி புரியும். குளிர்காலத்தில் ஜன்னலுக்கு வெளியே ஒரு ஆளைக்கூடப் பார்க்க முடியாது. ஒரு தபால் வண்டி வரும், அதைப் பார்க்க உட்கார்ந்திருப்பாராம். எனக்கு அது அந்நியமாகப் படவில்லை. பொம்மனஹள்ளியில் நானும் ஜன்னல் வழியாக மெட்ரோ போவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு ஞாயிறு நான் கடைக்காரிகளைப் பற்றிச் சொன்னேன். ஆங்கிலேயச் சாமான்களை இறக்குமதி செய்வதில்லை, விற்பதில்லை என்று வியாபாரிகள் சேர்ந்து முடிவெடுத்தபோது, சிலர் சேரவில்லை. அவர்களில் தனியாகக் கடை நடத்திப் பிழைத்த பெண்களும் இருந்தார்கள். கடைதான் அவர்களுக்கு எல்லாம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி அவர்களில் சிலரை யாரும் கேட்கக்கூட இல்லை. ஆனால் மீறினவர்களின் பெயரைப் பத்திரிகையில் போட்டார்கள். கடை ஜன்னலில் அசிங்கத்தை வாரிப் பூசினார்கள். இவர்களோடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைக்கக்கூடாது, பேசக்கூடாது என்று ஊர் முடிவு செய்தது.

அம்மா வெற்றிலை போடுகிறவர் இல்லை, காபியும் முடிந்திருந்தது. கையில் எதுவும் இல்லாமல் சேலை ஓரத்தையே சுருட்டிக்கொண்டிருந்தார்.

“அந்த கடைக்காரிக்கு அப்பறம் இன்னா ஆச்சி?”

“தெரியலம்மா. அதுக்கு மேல எழுதி வைக்கல.”

“அவகிட்ட எப்ப பேசினாங்க திரும்பி?”

“அதுவும் தெரியல.”

பிறகு, “எங்க வீட்டுக்கும் இந்தத் தெரு பேசாம இருந்திச்சி” என்றார்.

அவர் கணவர் ஒரு சர்க்கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அந்தத் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் அங்கேதான். நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய வேலைநிறுத்தம் வந்தது. மாசம் ஒன்று, இரண்டு என்று நீண்டது. சம்பளம் இல்லை. எல்லா வீட்டிலும் ஒரு வேளைச் சாப்பாட்டை நிறுத்தியிருந்தார்கள். அப்போது அம்மா கைக்குழந்தைக்காரி. குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சுத் திணறல் வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள், மருந்து வாங்கக் கையில் காசில்லை. வேலைக்குத் திரும்புகிறவர்களைக் கம்பெனி, கல் வந்து விழாமலிருக்க ஜன்னலுக்கு வலைக்கம்பி அடித்த பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனது. ஒருநாள் காலையில் கணவர் அந்த பஸ்ஸில் ஏறினார்.

“நான் போகச் சொல்லல. போவாதன்னும் சொல்லல. சட்டையை மாட்டிகினு நின்னாரு, நான் புள்ளைய மடியில போட்டுகினு உக்காந்திருந்தேன். அவரு மூஞ்சைப் பார்க்கல.”

அன்று சாயங்காலம் குழாயடியில் அம்மா குடத்தை வைத்தபோது, பேசிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். தண்ணீர் பிடிக்கும் முறை வந்தபோது வழி விட்டார்கள். யாரும் முகத்தைத் திருப்பவில்லை, குடத்தைத் தள்ளவில்லை.

“ஒருத்தியும் திட்டலமா. திட்டி இருந்தா நானும் ரெண்டு கொடுத்திருப்பேன், நமக்கு வாய் கம்மியா? ஒண்ணுமே சொல்லல. நான் அங்க இல்லாத மாதிரி.”

வேலைநிறுத்தம் முடிந்தது. எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். பேச்சு மட்டும் திரும்பவில்லை. கேன்டீனில் அவர் கணவர் உட்கார்ந்த மேஜைக்கு யாரும் வரமாட்டார்களாம். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் கொஞ்ச நாள் உட்காருவார்கள், பிறகு யாரோ சொல்லிவிடுவார்கள், எழுந்து போய்விடுவார்கள். ஓய்வு பெறும்வரை அப்படித்தான். ஓய்வு பெற்ற வருஷமே இறந்தும் போனார்.

“அவுங்க கேட்டது நியாயந்தான். எங்களுக்கும் சேர்த்துதான் கேட்டாங்க. அதுல எனக்கு சந்தேகமே கிடையாது” என்றார் அம்மா. “ஆனா புள்ளைக்கு மூச்சு வாங்கறதும் நெஜந்தானே.”

“அந்தக் குழந்தை...”

“உன் கூட காலேஜ்ல படிச்சவதான். அவளுக்கு தெரியாது. தெரிய வாணாம்.”

அன்று வண்டி மாறி மாறித் திரும்பும்போது எனக்கு மனசு சரியில்லை. என் கட்டடத்துப் படியில் ஏறிக்கொண்டிருந்தபோது முதல் மாடிக்காரர் எதிரே இறங்கினார். ஒதுங்கி வழி விட்டார். நானும் ஒதுங்கினேன். நாலு வருஷமாக இதுதான் எங்களுக்குள் நடக்கிறது. எங்களைப் பேசக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நாங்களாகவே தெரு முழுக்க, கட்டடம் முழுக்க, ஒரு காரணமும் இல்லாமல் அப்படி இருக்கிறோம்.

அம்மா அமெரிக்கா திரும்புவதற்கு முந்தின ஞாயிறு நான் போனபோது, பட்டுச்சேலை இல்லை, ஆனால் பெட்டியிலிருந்து எடுத்த மடிப்புக் கலையாத ஒரு சேலையைக் கட்டிக்கொண்டு, கைத்தடியோடு தயாராக நின்றார்.

“இன்னிக்கு பாடம் வாணாம். எதிர் வீட்டுக்கு போவணும். நீ கூட வா.”

எதிர் வீட்டம்மாவின் கணவரும் அதே தொழிற்சாலைக்காரர், சங்கத்தில் முன்னால் நின்றவர். வேலைநிறுத்தத்துக்கு முன்பு இரண்டு பெண்களும் ஒன்றாகச் சந்தைக்குப் போனவர்கள், ஒருத்தி பிரசவத்துக்கு இன்னொருத்தி துணை நின்றவர்கள். அதன் பிறகு இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை இல்லை. தெரு குறுகலானது. பத்துத் தப்படிதான் இருக்கும். அம்மாவுக்கு அதைக் கடக்க வெகுநேரம் பிடித்தது. முட்டியால் என்று நினைத்துக் கையைப் பிடித்தேன். கை சில்லென்று இருந்தது.

எதிர் வீட்டம்மா முறத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். இவரைவிட நாலைந்து வயது மூத்தவர். நிமிர்ந்து பார்த்து, “யாரு?” என்றார்.

“நான்தான்.”

“நீ யாருன்னு எனக்குத் தெரியாதா? கூட யாருன்னு கேட்டேன்.”

“பாடம் சொல்லிக் குடுக்குற டீச்சர்.”

“இந்த வயசுல இன்னா பாடம்?”

“அமெரிக்கா பாடம்.”

“உக்காரு” என்றார். என்னையும் பார்த்து, “நீயும் உக்காருமா” என்றார். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதில் அம்மாவை உட்கார வைத்துவிட்டு நான் வாசற்படியில் உட்கார்ந்தேன். முட்டியைப் பற்றிப் பேசினார்கள். எத்தனை நாளில் நடக்கவிட்டார்கள், வலி போயிற்றா, மாடி ஏற முடிகிறதா என்று எதிர் வீட்டம்மா ஒவ்வொன்றாக விசாரித்தார். எனக்கும் செய்யணும்னாங்க, படுத்துக்கினா யாரு பார்க்கறது, வாணாம்னுட்டேன் என்றார். பூண்டுத் தோல் காற்றில் என் பக்கம் பறந்து வந்தது.

“உன்ன ஒண்ணு கேக்கணும்” என்றார் அம்மா.

“கேளு.”

“ஸ்ட்ரைக் முடிஞ்சப்பறம் ஏன் பேசல நீ?”

எதிர் வீட்டம்மா உரிப்பதை நிறுத்தவில்லை. “ஃபேக்டரிக்குள்ள போனவங்க வீட்டோட யாரும் பேசக்கூடாதுன்னு சங்கத்துல சொன்னாங்க. சரின்னோம். அப்பறம் ஸ்ட்ரைக் முடிஞ்சிச்சி. இனிமே பேசலாம்னு யாரும் வந்து சொல்லல.”

“அதுக்கா?”

“அதுக்குத்தான். மொதல்ல கோவம் இருந்திச்சி. அப்பறம் அதுவும் போயிடுச்சி. ஆனா எப்டி ஆரம்பிக்கிறது? காலையில நீ கோலம் போட வருவ, நானும் போட வருவேன். இன்னிக்கு கேட்டுடலாம் கேட்டுடலாம்னு பார்ப்பேன். நீ உள்ள போயிடுவ.”

“நானும் நீ கேப்பன்னு பார்ப்பேன்.”

“ஆமா, ரெண்டு பேரும் பார்த்துகினே இருந்தோம்” என்று சொல்லிவிட்டு, முறத்தைக் கீழே வைத்தார். “என் பெரிய பையனை அந்த வருஷந்தான் ஸ்கூல்ல இருந்து நிறுத்தினோம். ஒரு வருஷம் கழிச்சி அனுப்பலாம்னு இருந்தோம். அவன் அப்பறம் போகவே இல்ல. இப்பவும் ஃபேக்டரில லோடு ஏத்தறான். உன் பொண்ணு பொழச்சா, நல்லா இருக்கா. எனக்கு சந்தோஷந்தான். ஆனா அந்த வண்டில உன் வீட்டுக்காரரு போறத பார்த்தா வயிறு எரியும் எனக்கு. பொய் சொல்ல மாட்டேன்.”

“எரியத்தான செய்யும்.”

“நீ போவாதன்னு சொல்லி இருக்கலாம்.”

“சொல்லி இருக்கலாம்” என்றார் அம்மா. “புள்ள போயிருக்கும்.”

யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. எதிர் வீட்டம்மா உள்ளே போய் ஒரு தட்டில் முறுக்கு கொண்டுவந்து வைத்தார். அம்மா பல் இல்லாத பக்கத்தைத் தவிர்த்து மெதுவாகக் கடித்தார். உன் தங்கச்சி நல்லா பேசுவா, நல்ல பொண்ணு என்றார் எதிர் வீட்டம்மா. ஆமாம் என்றார் இவர். எழுந்தபோது இருவரும் போய்வருகிறேன் என்றோ வா என்றோ சொல்லிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

தெருவைத் திரும்பக் கடந்து, வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தபிறகு அம்மா என்னைக் கேட்டார். “பேசினா இல்ல?”

“பேசினாங்கம்மா.”

“முகம் குடுத்து பேசினா.”

“ஆமாம்மா.”

அந்த வாரம் அவர் விமானம் ஏறிவிட்டார்.

நான் கடைக்காரிகளைப் பற்றி நீளமாக ஒரு பகுதி எழுதி அனுப்பினேன். போராட்டம் நியாயமானது, அதில் சேர முடியாமல் போனவர்களும் மனிதர்கள்தான், அந்த ஊரில் அவர்கள் எப்படி நடமாடியிருப்பார்கள் என்று பிள்ளைகள் யோசிக்கட்டும் என்பது போல எழுதியிருந்தேன். மீட்டிங்கில் டீம் லீட், எழுத்து நன்றாக இருக்கிறது, ஆனால் பிள்ளைகள் குழம்புவார்கள், பாடத்தின் நோக்கம் எதிர்ப்பைப் புரியவைப்பது என்றார். நான் வழக்கமாக அத்தோடு மைக்கை அணைத்துவிடுகிறவள். அன்று அணைக்கவில்லை. எதிர்த்தவர்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்று எழுதுகிறோம், அவர்கள் மற்றவர்களிடம் என்ன விலை வாங்கினார்கள் என்பதையும் எழுதினால்தானே அது சாதாரண ஆட்களின் கதை என்று கேட்டேன். அவரவர் பெயர் எழுதிய கறுப்புக் கட்டங்கள்தான் திரையில் இருந்தன. கடைசியில் பக்க ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாக இரண்டு வரி தங்கியது. அடுத்த பாடத்துக்கு என்னை மாற்றிவிட்டார்கள். அது நதிகளைப் பற்றியது.

ஞாயிற்றுக்கிழமைகள் பழையபடி ஆயின. முன்பைவிட நீளமாகவும் ஆயின. ஒன்றிரண்டு தரம் மெட்ரோ நிலையம்வரை போய்விட்டு, எங்கே போவது என்று தெரியாமல் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறேன்.

குளிர்காலம் ஆரம்பித்தபிறகு அம்மா கூப்பிட்டார். பரீட்சையில் தேறிவிட்டாராம்.

“அந்த கேள்விய ஆபீசரு கேட்டாரும்மா. ஏன் சண்டை போட்டாங்கன்னு. வீட்டுக்குள்ள சிப்பாயிங்க வந்து உக்காந்துகினாங்கன்னு சொன்னேன். மொழிபெயர்க்கிற பொண்ணு சொல்லிச்சி. அவரு தலையாட்டிட்டு அடுத்ததுக்கு போயிட்டாரு. நான் செருப்பு தைக்கிறவனைப் பத்தியெல்லாம் சொல்லலாம்னு இருந்தேன். டைம் இல்ல போல.”

“சந்தோஷம்மா.”

“சத்தியப் பிரமாணம் எடுத்தாச்சி. கையில ஒரு கொடி குடுத்தாங்க. இந்தியாவை விட்டுட்டேன்னு சொல்லச்சொல்ல ஒரு மாதிரி இருந்திச்சி. பக்கத்துல எல்லாரும் கைதட்டறாங்க, நானும் தட்டினேன்.” பிறகு, “நீ இதையெல்லாம் எழுதுவியா?” என்றார்.

“எழுதலாமாம்மா?”

“எழுது. பேரு போடாத. யாரு பேரும் போடாத.” பிறகு, “தங்கச்சி குடுத்த நம்பர்ல எதிர் வீட்டுக்கு கூப்ட்டா யாரும் எடுக்கறதில்ல. தங்கச்சிய கேட்டேன். பையன் ஹெப்பகோடிக்கு இட்டுகினு போயிட்டானாம், அவன் வேலை செய்யற எடத்துக்கு கிட்ட. நம்பரும் மாறிடுச்சாம். ஹெப்பகோடி உன் பக்கந்தானே கண்ணு?”

“பக்கம்தாம்மா.”

“ஒரு தபா பார்த்துட்டு வரியா?”

தங்கையிடம் விலாசம் வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிறு சாயங்காலம் போனேன். இந்தமுறை எதிர்த்திசை வண்டி. ஹெப்பகோடியில் தொழிற்சாலை ஆட்கள் குடியிருக்கும் ஒரு சந்து, வரிசையாக ஒரே மாதிரி கதவுகள். எதிர் வீட்டம்மா கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். டிவி ஓடிக்கொண்டிருந்தது, அவர் அதைப் பார்க்கவில்லை. மகன் ஷிப்ட்டுக்குப் போயிருந்தார், மருமகளும் வேலைக்கு. இந்தத் தெருவில் தனக்கு ஒருத்தரையும் தெரியாது என்றார். காலையில் கதவைத் திறந்தால் எல்லோரும் வேலைக்கு ஓடுகிறார்கள், அப்புறம் ஒரு காக்காய் இல்லை என்றார். என்னை அடையாளம் தெரிந்தது.

“அவ அனுப்பினாளா?”

“ஆமாம்மா. பேசறீங்களா? முகம் பார்த்தே பேசலாம்.”

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினார். நான் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கூப்பிட்டேன். அங்கே காலை நேரம். மணி அடித்ததும் அம்மா எடுத்துவிட்டார். ஸ்வெட்டரும் தலையில் ஒரு கம்பளிக் குல்லாவுமாக இருந்தார். போனை எதிர் வீட்டம்மாவின் கையில் கொடுத்தேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எதிர் வீட்டம்மா போனைத் தள்ளிப் பிடித்தார், கிட்டே பிடித்தார்.

“இன்னா தலையில?”

“குளுரு.”

“சாப்ட்டியா?”

“இனிமேதான். இங்க இப்பதான் விடிஞ்சிது. நீ?”

“மத்தியானம் சாப்ட்டது. ராத்திரிக்கு மருமக வந்து ஆக்கணும்.”

“முட்டி எப்டி இருக்கு?”

“அப்டியேதான் இருக்கு.”

நான் இடைஞ்சலாக இருக்க வேண்டாம் என்று வாசலுக்கு வந்து நின்றேன். சந்தில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் டிபன் பையோடு போய்க்கொண்டிருந்தார்கள். உள்ளே இருவரும் என்ன சமைப்பது, அங்கே கீரை கிடைக்குமா, எந்தக் கீரை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இடையில் நெடுநேரம் இருவரும் பேசாமல் இருந்தார்கள். இணைப்பு போய்விட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். போகவில்லை. எதிர் வீட்டம்மா போனை மடியில் நிறுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பேட்டரி தீரும்வரை நான் வெளியிலேயே நின்றேன்.

அவர்களுக்கு நேராகப் பேசிக்கொள்ள வழி செய்துவிட்டுத்தான் வந்தேன். மருமகளின் எண்ணை வாங்கி நியூஜெர்சிக்கு அனுப்பினேன். இப்போது அவர்கள் பேசிக்கொள்கிறார்கள் என்று தோழி சொன்னாள், என்ன பழக்கம், யார் அது என்று என்னைக் கேட்டாள். பழைய சிநேகிதி என்று சொன்னேன். நடுவில் நான் தேவைப்படவில்லை. அம்மா என்னை முன்பு போலக் கூப்பிடுவதும் இல்லை. அது சரிதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து முடித்து, நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, மேஜை முன்னால் உட்கார்ந்து நதிகளைப் பற்றி எழுதுகிறேன்.